அக்கா, உன் நோட்டுகளைக் கொடுக்கப் போகிறேன்

அன்புள்ள அக்கா,

வருகிற வெள்ளிக்கிழமை உன் முதல் திதி. அன்றைக்கே உன் நோட்டுகளை எடுத்துக்கொள்ள அந்தப் பல்கலைக்கழகப் பெண் வருகிறாள். கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். உன் மகனிடம் கேட்டேன். "மாமா, உங்களுக்குச் சரின்னு பட்டா சரி" என்று போனில் சொல்லிவிட்டான். அவனுக்கு அந்த நோட்டுகளில் என்ன இருக்கிறது என்று தெரியாது. எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு நாள் இழுத்தேன்.

இதை என் மகள் தட்டச்சு செய்கிறாள். நான் சொல்லச் சொல்ல அடிக்கிறாள், சில இடங்களில் நிறுத்தி என் முகத்தைப் பார்க்கிறாள். இணையத்தில் போடப் போகிறாள். மலேசியாவில் நம் புக்கிட் ரோத்தான் ஆட்கள் படிப்பார்கள், தோட்டத்தை விட்டுத் தாமான் குடியிருப்புகளுக்குப் போய்விட்டவர்களும் படிப்பார்கள். ஆகவே தோட்டத்தின் பெயரையும் அப்போதைய மேனேஜர் பெயரையும் எழுதமாட்டேன். தோட்டத்தில் களைக்கொல்லி மருந்தடித்த பெண்களின் பெயர்களும் வராது. யார் யார் என்று உனக்குத் தெரியும், அது போதும்.

உன் காரியத்துக்கு இரண்டு கூட்டம் வந்தது. ஒரு கூட்டம், நீ கிளினிக்கில் நர்சாக இருந்தபோது பார்த்தவர்கள், "மிஸ்ஸி, மிஸ்ஸி" என்று அழுதது. கர்ப்பிணிகளை வீடு தேடிப் போய்ப் பார்த்ததையும், வெள்ளம் வந்தபோது சம்பான் படகில் ஏறிப் போய்க் குழந்தைக்கு ஊசி போட்டதையும், அடித்த புருஷனை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டதையும் சொல்லிச் சொல்லி அழுதார்கள். இன்னொரு கூட்டம் ஆற்றுப்பக்கத்திலிருந்து வந்தது. கம்போங் குவாந்தான் சம்பான்காரர்கள், இயற்கைக் கழகத்தில் இருக்கிற பையன்கள், பெண்கள். அவர்களுக்கு நீ "கெலிப்-கெலிப் கக்கா", மின்மினி அக்கா. ஒரு கூட்டத்துக்கு மற்றக் கூட்டத்தை யாரென்றே தெரியவில்லை. ஒருவர் மைக்கைப் பிடித்து, "ஓய்வு பெற்ற பிறகு பொழுதுபோக்காக மின்மினிகளைக் கவனித்து வந்தார்" என்று பேசினார். எழுந்து போய் நிறுத்தச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. பெரியவர்கள் இருந்தார்கள், உட்கார்ந்துவிட்டேன். அதைச் சொல்லாமல் விட்டது ஒரு வருஷமாக எனக்குள் கிடக்கிறது.

பொழுதுபோக்காம்!

உன் நோட்டுகளை அவர் பார்த்ததில்லை. பள்ளிக்கூட நோட்டுதான், ஆனால் நீ இரண்டு பக்கத்திலிருந்தும் எழுதியிருக்கிறாய். முன்பக்கமாகத் திறந்தால் மருந்தடிக்கும் பெண்கள்: தேதி, பெயரின் முதல் எழுத்து, நகம் வெளுப்பு, நகம் கழன்றது, மூக்கில் ரத்தம், முதுகில் புண், கண் எரிச்சல். தலைகீழாகத் திருப்பிப் பின்னட்டையிலிருந்து திறந்தால் ஆறு: தேதி, நீர் ஏற்றமா இறக்கமா, எந்த வளைவில் எந்தப் பெரெம்பாங் மரம், மின்மினி வெளிச்சம் குறைவு, நடுத்தரம், நிறைய. இரண்டும் நடுவில் வந்து சந்திக்கிற இடத்தில் ஒரு கோடுகூடப் போடவில்லை நீ. அந்தப் பல்கலைக்கழகப் பெண்ணுக்கு ஆற்றுப் பக்கம் மட்டும்தான் வேண்டுமாம். "அங்கிள், மருத்துவப் பக்கம் வேண்டாம், அது எங்கள் ஆய்வுக்குள் வராது" என்று மரியாதையாகத்தான் சொன்னாள். கிழித்துப் பாதி கொடுப்பதற்கு இது வாழையிலையா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. முழு நோட்டு என்றால் தருகிறேன், இல்லையென்றால் இல்லை என்று சொன்னேன். யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

அவளுக்கு அந்த இரண்டு பக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் விளக்க வேண்டியிருந்தது. நான், உன்னிடம் அதை ஒருநாள்கூடக் காதுகொடுத்துக் கேட்காதவன். ஆனால் கிளினிக் வாசலில் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்களிடம் நீ சொன்னதெல்லாம் எனக்குக் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. மின்மினி பெரெம்பாங் மரத்தில் மின்னுவதைப் பார்த்துவிட்டு ஊரே மரத்தைக் காப்பாற்று என்கிறது. மரம் அதற்குக் கல்யாண மண்டபம், வீடு இல்லை என்பாய். முட்டையிடுவதும் புழுவாக இருப்பதும் பின்னால் கரையின் ஈர மண்ணில், நீப்பாப் பனை ஓலைக்கும் புல்லுக்கும் அடியில். அங்கே இருக்கிற சின்னச் சின்ன நத்தைகளைத் தின்றுதான் அது வளர்கிறது. கரையில் புல் போனால் நிழல் போகும், ஈரம் போகும், நத்தை போகும், அப்புறம் மண்டபத்துக்கு யார் வருவார்கள்? இதைச் சொல்லிக்கொண்டே ஒரு கிழவியின் விரல் நகத்தைத் திருப்பிப் பார்ப்பாய். யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் நகத்தைப் பார்ப்பது உன் பழக்கமாகிவிட்டது.

கரையில் புல்லை யார் கருக்கினது என்று நீ அங்கே சொல்லமாட்டாய். சொல்லத் தேவையுமில்லை. அந்தப் பெண்கள்தான் கருக்கினார்கள், முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு. அவர்களுக்கு மண்டோர் நான், வேலை வாங்குகிற கங்காணி.

அந்தக் காலையைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதம் நகராது.

பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்து லோரியில் ஆற்றோர நிரைகளுக்குப் போய் இறங்கினோம். பனி இன்னும் விலகவில்லை. உன் கப்சாய் மோட்டார் சைக்கிள் அங்கே நின்றது. நீ வேலை உடுப்பில் இருந்தாய், காலில் ரப்பர் பூட்ஸ். கட்டடக்காரர்கள் வைத்திருக்கிற நீள டேப்பைத் தண்ணீர் ஓரத்திலிருந்து உள்ளே இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாய். வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் கணக்கு, 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆறு என்றால் கரையில் 50 மீட்டர் ஒதுக்கி விட வேண்டும். எங்கள் செம்பனை மரத்துக்கு மரம் முப்பது அடி இடைவெளி. 50 மீட்டர் என்றால் ஐந்தாறு மரம் உள்ளே தள்ளி. அந்த இடத்தில் ஒவ்வொரு மரத்திலும் காயத்துக்குக் கட்டுகிற வெள்ளைத் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தாய். கண்ணுக்கு எட்டிய தூரம் வரிசையாக வெள்ளை.

"சர்க்கார் துணி இல்ல. பசார்ல என் காசுல வாங்கினது" என்றாய். முதல் வார்த்தை அதுதான். யாரும் கேட்கவேயில்லை, அக்கா.

அப்புறம் பெண்களைப் பார்த்துச் சொன்னாய்: "இந்தத் துணிக்கு அந்தப் பக்கம் அடிக்காதீங்க. உங்களுக்கும் நல்லது, ஆத்துக்கும் நல்லது." அவர்கள் உன்னைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். நான் என்ன செய்வேன் என்று நினைத்தாய்? அதற்கு முதல் நாள் ராத்திரி நீ என் வீட்டில்தான் சாப்பிட்டாய். கருவாட்டுக் குழம்பு. பிள்ளைகளுக்குக் கதை சொன்னாய். இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜீப் வந்தது. மேனேஜர் உன்னைப் பார்க்கவேயில்லை, என்னைத்தான் பார்த்தார். "மண்டோர், கழற்று" என்றார். நான் கழற்றினேன்.

இங்கே மகள் நிறுத்திவிட்டாள். "அப்பா, இதை எழுதணுமா?" என்கிறாள். எழுதணும்.

முதல் மரத்தில் கழற்றியதை எங்கே போடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வயதில் மூத்த ஒருத்தர், நீ மருந்து போட்ட முதுகு அவருடையது, என் கையிலிருந்து அதை வாங்கி மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். "மிஸ்ஸி நமக்குத்தான் கட்டிட்டுப் போறாங்க" என்றார். அதுவரைக்கும் தோட்டத்தில் முகத்துக்கு ஒரு துணி கொடுத்தது கிடையாது. அவரைப் பார்த்து மற்றவர்களும் ஆளுக்கொரு மரத்தில் அவிழ்த்துக் கட்டிக்கொண்டார்கள். உன் துணியை முகத்தில் கட்டிக்கொண்டு தண்ணீர் விளிம்பு வரைக்கும் அடித்தார்கள். நீ பார்த்துக்கொண்டு நின்றாய். அப்புறம் மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அந்த வருஷம் தீபாவளிக்கு என் வீட்டுக்கு வரவில்லை.

மன்னித்துவிடு என்று கேட்கிறேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. அதே காலை மறுபடியும் வந்தாலும் நான் கழற்றத்தான் செய்வேன். இருந்த வீடு தோட்டத்து வீடு. வேலை போனால் வீடும் போகும். நான்கு பிள்ளைகள், என் மனைவி ஐந்தாவதைச் சுமந்துகொண்டிருந்தாள். அந்தப் பிள்ளைதான் இப்போது இதைத் தட்டச்சு செய்கிறாள். உனக்கு அரசாங்கச் சம்பளம், அரசாங்கக் குவாட்டர்ஸ், பென்ஷன். நீ துணி கட்டலாம். உனக்குத் தைரியம் இருந்தது என்று ஊர் சொல்கிறது, இருந்தது, நான் மறுக்கவில்லை. நின்று பேசுவதற்கு உனக்கு ஓர் இடமும் இருந்தது. அதையும் யாராவது சொல்ல வேண்டும் இல்லையா?

இப்படிச் சொன்ன கையோடு, கிளினிக் மூடிய பிறகு நீ உட்கார்ந்து ஒவ்வொரு பெண்ணின் முதுகிலும் பம்பு கசிந்து வெந்த இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வருகிறது. அது யாரும் உனக்குச் சம்பளம் கொடுக்காத நேரம். சில பேர் புருஷனிடம்கூடக் காட்டாததை உன்னிடம் காட்டினார்கள். அம்மா போனபோது நான் சின்னவன், என் தலையை மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் தூங்காமல் உட்கார்ந்திருந்தாயாம். எனக்கு அது நினைவில்லை, பெரியம்மா சொல்லித்தான் தெரியும். அந்த மடிதான் அந்தப் பெண்களுக்கும் கிடைத்தது என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த மருந்தைக் குடித்த ஒருத்தரைப் பற்றியும் நோட்டில் இருக்கிறது. அந்தக் குடும்பத்தின் பிள்ளைகள் இதைப் படிக்கலாம், அதனால் அதிகம் பேசமாட்டேன். பாராகுவாட் என்கிற அந்தக் களைக்கொல்லிக்கு முறிவு மருந்து கிடையாது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். குடித்தவர் தெளிவாகப் பேசிக்கொண்டே இருந்தார், பிழைத்துக்கொள்வார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். நுரையீரலில் என்ன நடக்கப் போகிறது என்று உனக்கு மட்டும் தெரிந்திருந்தது. நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்துப் பேசினாய், வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அப்புறம் ஸ்டோர் சாவியை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. இதை உன்னிடம் சொல்லவேயில்லை.

2002இல் தொழிலாளர் உரிமைக்குப் போராடுகிற தெனாகனித்தா அமைப்பு மருந்தடிக்கும் பெண்களைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. பத்திரிகையில் வந்ததை வெட்டி நோட்டில் ஒட்டியிருக்கிறாய். அந்த அமைப்பை நடத்திய ஐரின் பெர்னாண்டசின் படத்துக்குக் கீழே ஒன்றுமே எழுதவில்லை, தேதி மட்டும். அதே வருஷம் பாராகுவாட்டுக்குத் தடை என்று அரசாங்கம் அறிவித்தது. 2006இல் அந்தத் தடையைத் தூக்கிவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் பேனா தாளைக் கிழித்திருக்கிறது. 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை. அன்றைக்குக் காலையில் நீ எனக்குப் போன் செய்தாய். "தம்பி, நின்னுடுச்சு" என்றாய். "சரிக்கா" என்றேன். எவ்வளவோ பேசியிருக்கலாம். உனக்கு மூச்சு வாங்கியது, எனக்குத் தொண்டை அடைத்தது, இரண்டு பேரும் சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிட்டோம்.

அதே வருஷம் செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங்கில் யாரோ கழிவைக் கொட்டி, சுத்திகரிப்பு நிலையங்கள் நின்று, கிள்ளான் பள்ளத்தாக்கில் 12 லட்சம் குடிநீர்க் கணக்குகளுக்குத் தண்ணீர் இல்லாமல் போனது. அதுவும் கடைசியில் நம் சிலாங்கூர் ஆற்றில் வந்து கலக்கிற தண்ணீர்தான். கோலாலம்பூரிலிருந்து உன் மகன் போன் பண்ணி, "அம்மா, இங்க குழாயில ஒரு சொட்டு வரல" என்றபோது நீ ஏசவில்லை. ஆற்றின் படத்தை எடுத்து வரச் சொல்லி, எந்தக் கிளை எங்கே சேருகிறது என்று என் பேரனுக்குக் காட்டினாய். மேலே கோலகுபுபாருவில் அணை கட்டினபோது, நன்னீர் குறைந்தால் உப்பு எவ்வளவு தூரம் உள்ளே ஏறும், பெரெம்பாங் என்னாகும் என்று நீ கேட்டதை அன்றைக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும்தான். தண்ணீர் வருவது நல்லதுதானே என்றேன்.

இப்போது ஆற்றின் அந்தப் பகுதி மின்மினிக்கான பாதுகாப்புப் பகுதி என்று அரசிதழில் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். சம்பான்காரர் துடுப்புப் போடுகிறார், எல்லோரும் "வாவ்" என்கிறார்கள், நல்லது. ஆனால் அந்த இருட்டில் பின்னால் இருக்கிற 50 மீட்டரைப் பற்றி அவர்களிடம் யார் சொல்வார்கள்? அங்கே நின்ற பெண்களைப் பற்றி?

சரி, நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். உனக்குப் பிடிக்காத ஒன்றைச் செய்திருக்கிறேன். நோயாளி சொன்னது நாலு சுவருக்குள் என்பாய். முதல் எழுத்துதான் போட்டிருக்கிறாய் என்றாலும் நம் ஊர் சின்ன ஊர், எழுத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். ஆகவே உயிரோடு இருக்கிறவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போய்க் கேட்டேன். இல்லாதவர்களுக்காக அவர்கள் பிள்ளைகளிடம் கேட்டேன். முக்கால்வாசிப் பேர் உடனே சரி என்றார்கள். ஒருவர் தன் விரல்களை மேசைமேல் வைத்து, "இதையும் போட்டோ புடிச்சிக் குடு" என்றார். ஒருத்தர் மட்டும் வேண்டாம் என்றுவிட்டார். அந்தத் தாள்களை நான்கு பக்கமும் தைத்து மூடிவிட்டேன், பிரிக்கக் கூடாது என்று அந்தப் பெண்ணிடம் எழுதி வாங்கப் போகிறேன். இது தப்பென்றால் தப்பாகவே இருக்கட்டும். இந்தப் பெண்களின் நகமும் அந்தப் புழுவின் மண்ணும் ஒரே வாளித் தண்ணீரில் கரைத்த மருந்தால் போனவை. ஒன்றை மட்டும் கொடுத்து மற்றதைப் பெட்டியில் பூட்டிவைக்க என்னால் முடியவில்லை.

நோட்டில் என்னையும் தேடினேன், மறைக்காமல் சொல்கிறேன். அந்தக் காலைக்கான பக்கம் இருக்கிறது. உன் கோணல் எழுத்தில்: "ஆற்றோரம் 50 மீ. துணி கட்டினேன். மண்டோர் அகற்றினார். துணி பெண்களுக்கு முகத்தில் கட்ட உதவியது, நல்லது."

"நல்லது" என்று எழுதியிருக்கிறாய். அந்தத் தீபாவளிக்கு வராமல் இருந்தவள், அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து நல்லது என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அதை ஏன் காட்டவில்லை? அப்புறம் அந்த "மண்டோர் அகற்றினார்". நோட்டு முழுக்க நான் மண்டோர்தான். ஓர் இடத்தில்கூடத் தம்பி இல்லை. பிறர் கையில் போகக்கூடிய நோட்டு என்று யோசித்து என்னைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினாய் என்கிறாள் என் மகள். இருக்கலாம். அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான்.

அதற்குப் பிறகு நீ அதிகாரிகள் முன்னால் போய்ப் பேசியதும், கொஞ்ச நாளில் என் மண்டோர் வேலை போனதும், நான் திரும்பவும் கத்தியைத் தூக்கிக் குலை வெட்டப் போனதும் உனக்குத் தெரிந்ததே. அதை விடு. அதற்காக நான் உன்மேல் வைத்திருந்த கோபம் எப்போதோ தேய்ந்துவிட்டது.

தேயாதது வேறு. உன் நோட்டில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. எந்தப் பெண்ணுக்கு எப்போது நகம் போனது என்று இருக்கிறது, எந்த வளைவில் எப்போது வெளிச்சம் குறைந்தது என்று இருக்கிறது. எந்த நிரையில் எந்த மாதம் என்ன மருந்து அடித்தோம், ஒரு பம்புக்கு எவ்வளவு கலந்தோம், மழைக்கு முன்னால் அவசர அவசரமாகக் கரையில் அடித்து முடித்தது எந்தெந்த வருஷம் என்று இல்லை. அது தெரிந்த ஆள் ஒருவன்தான், அந்தக் கணக்கு என் தலைக்குள் இருக்கிறது. இந்த ஒரு மாதமாக உட்கார்ந்து, ஞாபகம் வந்ததையெல்லாம் சொல்லி மகளை எழுதவைத்தேன். சந்தேகமான இடத்தில் சந்தேகம் என்றே எழுதச் சொன்னேன். பழைய லோரி டிரைவரிடமும் கேட்டுச் சரிபார்த்தேன். அது தனித் தாளாக உன் நோட்டோடு சேர்ந்து போகிறது, என் சொந்தப் பெயரில், கீழே கையெழுத்துப் போட்டு.

அன்றைக்குக் கருவாட்டுக் குழம்புக்கு முன்னால் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. பயந்து மழுப்பியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அதற்குப் பிறகு எத்தனை வருஷம் இருந்தது, அக்கா. நீ கேட்கவேயில்லை.

இப்படிக்கு,
உன் தம்பி